அந்தக் கஞ்சியைக் குடித்தது நான்தான்

கண்ணு,

நீ மாடியில்தான் இருக்கிறாய். நீ நடக்கிறதும் அலமாரிக் கதவைச் சாத்துகிறதும் கீழே எனக்குக் கேட்கிறது. படியேறி வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதை, ஹாலில் உட்கார்ந்து, பட்டறையில் பில் போடுகிற பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் கடுதாசி போடுகிற அப்பன் கோயமுத்தூரிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பத்தாவதோடு நின்றவன் நான். என் கட்டுரைக்கெல்லாம் தமிழ் வாத்தியார் ‘கையெழுத்து நன்று’ என்று மட்டும் குறித்துக் கொடுப்பார், விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். இன்றைக்கு அந்தக் கையெழுத்தும் சரியாக வரவில்லை. பொறுத்துக்கொண்டு படி.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது நீ சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. “தனி வீடு பாருங்க, வரேங்கறாப்பா. என்ன காரணம்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா. நம்மூட்டுல அவளுக்கு என்ன கொறை வெச்சோம்? ஞாயித்துக்கெழமை பெரிய மாமனையும் கூட்டிட்டுப் பவானிக்கு அவ அம்மா ஊட்டுக்குப் போயி, நாலு பேரு முன்னால கேட்டுப்போடறேன்” என்றாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே ‘உம்’ என்றேன். தட்டில் இருந்தது நான் வைத்த கஞ்சி. ஒரு வாரமாக நான் கஞ்சியாகவே வைக்கிறதைப் பார்த்து, “பல்லு ஏதாச்சும் கொட்டிப்போச்சாப்பா?” என்று நீ கேலி செய்தாய். பல் எல்லாம் இருக்கிறது. நான் ஏன் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டேன் என்பதற்கும், நம் மருமகள் கோகிலா ஏன் வாய் திறக்கமாட்டேன் என்கிறாள் என்பதற்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் காரணம் அன்றைக்கு உனக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாளே, அந்த நாளைச் சொல்கிறேன். உங்கம்மா உன் அக்காவின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போய்விட்டாள். நீ கம்பெனி வேலையாகச் சென்னையில் இருந்தாய். வீட்டில் நானும் கோகிலாவும்தான். அவளுக்குக் காய்ச்சலோடு வாயெல்லாம் புண். காலையில் நான் பட்டறைக்குக் கிளம்பும்போது, அவள் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “என்ன அம்மணி சாப்புடறே? பிரியாணி ஏதாச்சும் வாங்கியாரட்டுமா?” என்று கேட்டேன். வாய் புண்ணாகிக் கிடக்கிற பெண்ணிடம் பிரியாணி வேண்டுமா என்று கேட்ட ஒரே மாமனாரும் நான்தான். உள்ளேயிருந்து, “வேண்டாமுங்க மாமா. நானே கொஞ்சம் கஞ்சி வெச்சுக்கறேனுங்க” என்று பதில் வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. “சரி, நான் மெஸ்ஸுல சாப்புட்டுக்கறேன், எனக்காக எந்திரிக்காதே” என்று, ஏதோ சொத்தில் பாதியை எழுதிக் கொடுத்த மாதிரி தாராளமாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

மத்தியானம் மெஸ் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு கடை உண்டு, உனக்கே தெரியும். எனக்கோ வீட்டில் சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் சாய்ந்து பழக்கம். வண்டி தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. காலையில் அவளிடம் சொன்ன வாக்கு, வண்டியை நிறுத்தும்போதே என் தலையில் இல்லை. கையைக் கழுவினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். செருமினேன்.

அந்தச் செருமலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மருமகள் இருக்கிற வீட்டில் மாமனார் திடுதிப்பென்று உள்ளே நுழையக்கூடாது, பெண்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் சங்கடப்படுவாள், செருமிக்கொண்டுதான் வரவேண்டும் என்பது என் அப்பன் காலத்துப் பழக்கம். மரியாதை என்று நினைத்துத்தான் நானும் செருமிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நம் வீட்டில் அந்தச் செருமலுக்கு வேறு அர்த்தம் எப்போதோ வந்துவிட்டது. ‘வந்துட்டாரு, தட்டை வை.’ உங்கம்மா செருமல் கேட்டதும் அடுப்பைப் பற்றவைப்பாள். கோகிலாவும் வந்த மாதத்திலேயே அதைப் பழகிக்கொண்டாள். நான் மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, இத்தனை காலமும் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கும் மணி அடித்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். “மெஸ்ஸுல சாப்புடலீங்களா மாமா?” என்று கேட்டாள். “பூட்டிட்டாங்க அம்மணி” என்றேன். மேசையில் ஒரு சின்னக் குண்டா தட்டு போட்டு மூடி இருந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி, கொஞ்சம் தேங்காய்த் துவையல். ஒரு டம்ளர்தான் இருந்தது, கண்ணு. அதைப் பார்த்த பிறகாவது புரிந்திருக்க வேண்டும். அவள் குண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி குண்டாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வந்து எனக்கு ஊற்றினாள். அடுப்பில் வைத்து, வேகும்வரை பக்கத்தில் நின்று, ஆறட்டும் என்று மூடி வைத்துவிட்டு அப்போதுதான் போய்ப் படுத்திருக்கிறாள். ‘இது என்னுதுங்க மாமா’ என்று மாமனாரிடம் எந்த மருமகள் சொல்லுவாள்? ‘நீ குடிச்சியா?’ என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. கேட்கவில்லை. என்ன கேட்டேன் தெரியுமா? உப்பு கொஞ்சம் கம்மியாக இருக்கிறதே, ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்து வந்து வைத்தாள். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டேன். குண்டாவைச் சாய்த்து, கரண்டியால் அடியை வழித்து ஊற்றினாள். கஞ்சி ருசியாக இருந்தது என்று எழுதவே கூசுகிறது. குடித்துவிட்டு, சாய்வு நாற்காலியில் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினேன். அவள் மாத்திரையை வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நீ போத்தனூரில் ரயிலை விட்டு இறங்கி வந்தாய். உனக்குக் கேட்டைத் திறக்க வந்தவள் அங்கேயே சரிந்து விழுந்தாள். தெருமுனை கிளினிக்கில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று நர்சம்மா கேட்டபோது, “ஒண்ணுமில்லீங்க” என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நிமிஷத்தில்தான், சத்தியமாக. நீ, “கஞ்சி வெச்சிருக்கேன்னு போன்ல சொன்னியே” என்றாய். அவள் உனக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டையைப் பார்த்தேன். எந்தக் குழந்தைக்கு எப்போது என்ன ஊசி என்று முழுக்கப் படித்தேன். நீ பயத்தில் இருந்தாய். அந்தப் பயம் கோபமாக வந்தது. “வெச்ச கஞ்சியக் குடிக்காம படுத்துக்கறதுக்கு நீயென்ன சின்னக் கொழந்தையா? அப்பா இருந்தாருல்ல, ஒரு வார்த்தை சொன்னா வாங்கிக் குடுத்திருக்க மாட்டாரா?” என்று நர்சம்மா முன்னாலேயே திட்டினாய். அப்போது நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத் திறந்திருந்தால் இந்தக் கடுதாசிக்கே வேலையில்லை. “உடு கண்ணு, ஒடம்பு முடியாத புள்ள” என்றேன். பெரிய மனுஷன் மாதிரி. அவளுக்காகப் பரிந்து பேசுகிறவன் மாதிரி.

நான் கஞ்சி குடித்தது மறதி, சோம்பேறித்தனம், பழக்கம். எப்படியாவது பெயர் வைத்துவிடலாம். ‘உடு கண்ணு’ என்று சொன்னதற்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. இத்தனை நாளும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவள் உடம்பு தேறட்டும் என்று அம்மா வீட்டுக்குப் போனாள். ஆபீஸ் வேலையை அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்தாள். பிறகு தனி வீடு என்றாள். உனக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. புரிந்தவன் என்ன செய்தேன்? கஞ்சி வைக்கப் பழகினேன். கஞ்சி வைத்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மூளைக்குத் தோன்றியது. உங்கம்மாவுக்குப் போன் போட்டுப் பக்குவம் கேட்டேன். “ஏனுங்க, அடுப்பப் பத்தவெக்கத் தெரியுமுங்களா உங்களுக்கு? மொதல்ல எதுக்குன்னு சொல்லுங்க” என்றாள். சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் உன் அக்கா குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். “எனக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் யாருங்க கஞ்சி வெச்சாங்க?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள். நான் யோசித்தேன், கண்ணு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள்கூட என் நினைவுக்கு வரவில்லை. திடமான உடம்பு, படுத்ததே இல்லை என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். படுத்ததில்லை, அவ்வளவுதான். நீ மஞ்சள் காமாலையில் கிடந்த வருஷம், அவள் அடுப்புக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைத்தது மட்டும் ஞாபகம் வந்தது. கால் வலி போலிருக்கிறது என்று அப்போது நினைத்தேன். அதைப் போனில் சொன்னபோதுதான், அவளுக்கும் அப்போது காய்ச்சல் என்று அவள் சொல்லித் தெரிந்தது. பிறகு அவளே, “சரி, அதை உடுங்க, நொய்யரிசி டப்பா மேல் தட்டுல இருக்குதுங்க” என்று பக்குவத்துக்கு வந்துவிட்டாள்.

அவள் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீ தனி வீட்டுக்குப் போகப் போகிறாய். நொய்யரிசி ஒரு டம்ளர் என்றால் பாசிப்பருப்பு கால் டம்ளர். இரண்டையும் வெறும் சட்டியில் வாசம் வருகிறவரை வறு. கருக விடாதே. முதல் நாள் நான் கருக விட்டதில், காபிக்கொட்டை வறுக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். கழுவிவிட்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்று. சோறு வடிக்கிற அளவெல்லாம் இதற்கு ஆகாது. பூண்டை உரித்து முழுசாகப் போடு, வெந்தால் வெண்ணெய் மாதிரி கரைந்துவிடும். சீரகம் போடு, வெந்தயம் ஒரு சிட்டிகை போதும். வாய் புண்ணாக இருந்தால் மிளகு வேண்டாம். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதே. சமையல்கட்டுக் கூரையில் கறையைப் பார்த்து, “ஒழுகுதாப்பா?” என்று கேட்டாயே, அது மழைத்தண்ணீர் இல்லை, செவ்வாய்க்கிழமைக் கஞ்சி. நன்றாகக் குழைந்ததும் மசித்து, அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்ப்பாலை ஊற்று. உப்பைக் கடைசியில், வாயில் வைத்துப் பார்த்துப் போடு. ஆறினால் கெட்டியாகிவிடும், வெந்நீர் ஊற்றித் தளர்த்திக்கொள். படுத்திருக்கிறவளிடம் என்ன வேண்டும் என்று கதவருகே நின்று கேட்காதே. முடியாதவர்கள் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்றுதான் சொல்லுவார்கள், கேட்டவனுக்கும் அது சௌகரியமாகப் போய்விடும். வைத்து எடுத்துக்கொண்டு போ. குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார். பாத்திரத்தை நீயே கழுவு.

வியாழக்கிழமை ஈரோட்டுக்கு பேரிங் வாங்கப் போவதாக உன்னிடம் சொன்னேன். அது பொய். கஞ்சி வைத்து, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பவானிக்குப் பஸ் ஏறினேன். என் திட்டம் எவ்வளவு மட்டமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியாமல் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் அவள் பேசாமல் திரும்பி வந்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்தும் நடக்காது, நீ என்னை இப்போது பார்க்கிற மாதிரியே எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பாய். அவ்வளவுதான் கணக்கு. சம்பந்தி வீட்டில் போய், “பிள்ளைக்குக் கஞ்சி கொண்டாந்தேனுங்க” என்று பிளாஸ்கைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. பஸ்ஸில் வந்த நேரத்தில் கட்டியாகி, கான்கிரீட் போட்ட மாதிரி உள்ளேயே இறுகிவிட்டது. சம்பந்தியம்மா கரண்டிக் காம்பை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். காம்பும் மாட்டிக்கொண்டது. சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கோகிலா சிரிக்கவில்லை.

வந்த சம்பந்தியை வெறும் வயிற்றோடு அனுப்புவார்களா? இலை போட்டுவிட்டார்கள். பரிமாற வந்தது யார்? அவள்தான். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், நின்றுகொண்டு சோறு போடுகிறாள். அதே கை. என்னால் இலையில் கை வைக்க முடியவில்லை. “நீ சாப்புட்டியா அம்மணி?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற திட்டமெல்லாம் போயிற்று. அவள் அப்பா அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டேன். மெஸ், செருமல், குண்டா, ஊறுகாய், கிளினிக், உன் திட்டு, என் ‘உடு கண்ணு’, எல்லாம். உங்கள் பெண்ணை எங்கள் வீட்டில் ஒரு வேளை பட்டினி போட்டேன், அதற்குப் பழியையும் அவள் மேலேயே போட்டேன் என்று சொன்னேன். அவர்களுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது, கண்ணு. பெற்றவர்களிடம்கூட அவள் சொல்லவில்லை. சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சம்பந்தியம்மா என்னைப் பார்க்காமல், மகளின் முழங்கையை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

கோகிலா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “நீங்க குடிச்சதுக்கு எனக்குக் கோவமே இல்லீங்க மாமா. பசியோட வந்திருப்பீங்க. அங்க கிளினிக்குல நான் உங்களயே பாத்துட்டு இருந்தேனுங்க. இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு” என்றாள். பிறகு, “அவர்கிட்ட நான் சொன்னா, மாமனார் மேல குத்தம் சொல்றவன்னு ஆயிருமுங்க. ஒரு கஞ்சிக்குத் தனிக்குடித்தனம் கேக்கறான்னு நாளைக்கு ஊரே சிரிக்குமுங்க. நீங்களே சொல்லுங்க” என்றாள். சொல்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்றேன். அதற்குப் பிறகு அவளும் ஒரு இலையைப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டோம். என்னை மன்னித்துவிட்டாள் என்று இதை எடுத்துக்கொள்ளாதே, நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பசித்தது, சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை சொல்லியிருக்க வேண்டும். காலையில் நீ அவசரமாகக் கிளம்பினாய் என்று விட்டேன். சாயங்காலம் களைத்து வந்தாய் என்று விட்டேன். இன்றைக்குக் காலையில் மாடிப்படி வரைக்கும் வந்து, பாதியில் திரும்பிப் போய்ப் பேனாவை எடுத்தேன். உன் அப்பன் இப்படித்தான். ஊர் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவன், வேண்டிய இடத்தில் அட்டை படிப்பவன்.

நாளைக்குப் பவானிக்குப் போ. பெரிய மாமனைக் கூட்டிக்கொண்டு போகாதே, நான் போன் போட்டுக் காரணத்தோடு சொல்லிக்கொள்கிறேன். என்னால் அவள் உன்னிடம் திட்டு வாங்கியது போதும், இன்னும் நாலு பேரை வைத்துக் கேட்க வேண்டாம். அவள் எங்கே இருக்கலாம் என்கிறாளோ அங்கே வீடு பார். எங்களை விட்டுவிட்டுப் போகிறோமே என்று நினைக்காதே. இந்த வீட்டில் நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்கு உங்கம்மா வந்தால் போதும். கிளினிக்கில் நீ திட்டினாயே, அதற்கு அவளிடம் நீ தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்பா மறைத்துவிட்டார், எனக்கு என்ன தெரியும் என்று என் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. ஒளிந்துகொள்வது எப்படிப்பட்ட சுகம் என்று தெரிந்தவன் சொல்கிறேன்.

இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கி வந்துவிடுவேன். படித்து முடித்ததும் கீழே வா. கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதே, இருக்கிற கோபத்தோடே வா. டிவி போடவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டேன், வாசல் கதவையும் சாத்தியிருக்கிறேன். நீ படியிறங்குகிற சத்தம் கேட்டதும் நான் எழுந்து நிற்பேன். நீ என்னைக் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டு முடிக்கிறவரை உட்காரமாட்டேன்.

அப்பா